பதினெட்டு குவளையும் ஒரு சுரங்கமும்

போன வாரம் மதியச் சாப்பாடு முடிஞ்சு டீ குடிக்கப் போன இடத்துல ஒரு வாக்குவாதம். எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்கார். ராக்கெட் பைத்தியம். ஸ்ரீஹரிகோட்டாவுல கவுண்ட்டவுன் ஆரம்பிச்சா இவர் பக்கத்துல போய் யாரும் 'பக்' பத்திப் பேச முடியாது. பேச்சு எங்கெங்கயோ சுத்தி கடைசியில ஜெர்மனியோட வி-2 ராக்கெட்டுக்கு வந்து நின்னுச்சு. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "அதைக் கைதிகளை வச்சுத்தானே செஞ்சாங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"தம்பி, யார் செஞ்சா, எதுக்குச் செஞ்சாங்க, அதெல்லாம் அரசியல். அந்த இன்ஜினை மட்டும் தனியா எடுத்துப் பாரு. அது இல்லேன்னா நிலாவும் இல்ல, சந்திரயானும் இல்ல. டெக்னாலஜிக்கு பாவ புண்ணியம் கிடையாதுப்பா."

நான் "ஆமாண்ணே"ன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். (அப்ரைசல் நேரம், வேற என்ன பண்றது?) ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அவர் சொன்னபடியே அந்த இன்ஜினை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தா என்னன்னு உட்கார்ந்தேன். மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி பிடுங்குறவனுக்கு இப்படி ஒரு சாக்கு கிடைச்சா விடுவானா? பார்த்தேன். பார்த்ததுல, அண்ணன் சொன்னதுக்கு நேரெதிரான இடத்துல போய் நின்னுட்டேன். அதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

முதல்ல, இன்ஜின்

திரவ எரிபொருள்ல ஓடுற முதல் ராக்கெட்டை அமெரிக்காவுல ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்னிக்கு விட்டார். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும். இரண்டரை விநாடி பறந்து, 12 மீட்டர் உயரம் போய், ஒரு தோட்டத்துல விழுந்துச்சு. நம்ம ஊர் தீபாவளி ராக்கெட் இதைவிட உயரமாப் போகும்.

அங்கிருந்து பதினாறே வருஷம். 1942 அக்டோபர் 3. பால்டிக் கடலோரத்துல பீனமுண்டேன்னு ஒரு இடம். 14 மீட்டர் உயரம், ஏறத்தாழ 13 டன் எடையுள்ள ஏ-4 ராக்கெட் (பின்னாடி வி-2ன்னு பேர் மாறுனது இதுதான்) கிளம்பி, 80 கிலோமீட்டருக்கும் மேல உயர்ந்து, 190 கிலோமீட்டர் தள்ளி கடல்ல விழுந்துச்சு. அதுக்குள்ள இருந்த இன்ஜினோட உந்துவிசை 25 டன். அதுக்கு முன்னாடி அதே குழு ஒழுங்கா ஓட்டிக்கிட்டு இருந்தது 1.5 டன் இன்ஜின். ஒன்றரையில இருந்து இருபத்தஞ்சுக்கு ஒரே தாவல்! அண்ணன் வாயைப் பிளக்கறதுல நியாயம் இருக்கு. நானும் பிளந்தேன்.

என்ன கஷ்டம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எரிபொருள் 75 சதவீத எத்தில் ஆல்கஹால், மிச்சம் 25 சதவீதம் தண்ணி. (சரக்குல தண்ணி கலக்குறது அங்கயும் உண்டு. ஆனா இங்க காரணம் வேற. தண்ணி கலந்தா எரியற சூடு கொஞ்சம் குறையும், இன்ஜின் உருகாம இருக்கும்.) அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன், மைனஸ் 183 டிகிரி. இந்த ரெண்டையும் சேர்த்து விநாடிக்கு ஏறக்குறைய 130 கிலோ உள்ள தள்ளணும். நம்ம வீட்டு காஸ் சிலிண்டர்ல இருக்கிறது 14.2 கிலோ. அப்படி ஒன்பது சிலிண்டரை ஒரே விநாடியில காலி பண்ற வேகம். அதுவும் ஒரு நிமிஷத்துக்கும் மேல, நிக்காம.

அதுக்கு ஒரு பம்ப் வேணும். டாங்க்கிலேயே அழுத்தம் ஏத்தித் தள்ளலாம்னா, டாங்க் சுவர் தடிச்சு ராக்கெட் கிளம்பவே கிளம்பாது. பம்ப் செய்யற கம்பெனிக்காரங்ககிட்ட போய், இவ்வளவு லேசா இருக்கணும், இவ்வளவு வேகமாத் தள்ளணும், சட்டுனு ஸ்டார்ட் ஆகணும்னு தயங்கித் தயங்கி கேட்டிருக்காங்க. அவங்க அசரவே இல்லையாம். கேட்டதெல்லாம் தீயணைப்பு வண்டி பம்ப்போட குணங்கள்தான்! அந்தப் பம்ப்பைச் சுத்தறதுக்கு ஒரு டர்பைன், ஏறத்தாழ 600 குதிரைத்திறன். டர்பைனைச் சுத்த நீராவி. பறக்கற ராக்கெட்டுல பாய்லரா வைக்க முடியும்? அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடு மேல பெர்மாங்கனேட் கரைசலைக் கலந்தா அது பொங்கி, சுடச்சுட நீராவியும் ஆக்சிஜனுமாப் பிரியும். அதுதான் பாய்லர். அடுப்பும் இல்ல, தீயும் இல்ல.

பத்த வைக்கிறதுக்கு? சங்குசக்கரம். நிஜமாத்தான் சொல்றேன். இன்ஜின் வாய்க்குள்ள சுத்திச் சுத்தித் தீப்பொறி விடற ஒரு வாணச் சக்கரம், கரண்ட்டுல பத்த வைப்பாங்க.

அப்புறம் சூடு. எரியறைக்குள்ள 2,500 டிகிரிக்கு மேல. சுவரோ சாதாரண எஃகு. அதனால சுவரை ரெட்டையாச் செஞ்சு, நடுவுல எரிபொருளையே ஓட விட்டு, சுவரைக் குளிர வச்சுட்டு அப்புறம் எரியப் போகச் சொன்னாங்க. அதுவும் பத்தாம, சுவர்ல வரிசையாப் பொடிப்பொடி ஓட்டை போட்டு, உட்பக்கமா ஆல்கஹாலைக் கசிய விட்டாங்க. தோசைக்கல்லுக்கும் மாவுக்கும் நடுவுல எண்ணெய் இருக்கற மாதிரி, சுவருக்கும் தீக்கும் நடுவுல ஒரு மெல்லிய ஆல்கஹால் படலம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது.

இந்த இன்ஜினுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான மூளை வெர்னர் வான் பிரவுன் இல்லை. அவர் தலைவர், பேச்சாளர், ஆளைச் சேர்த்து வேலை வாங்கறவர். இன்ஜினை வளர்த்தது வால்ட்டர் தீல். 1910ல பிறந்தவர். இந்த 25 டன் பாய்ச்சல் நடந்தப்ப அவருக்கு என் வயசைவிட ரெண்டு மூணு வயசுதான் அதிகம். (நான் இன்னும் பில்டு உடைச்சுக்கிட்டு இருக்கேன். அது தனிக் கதை.)

பதினெட்டு குவளை

இப்ப விஷயத்துக்கு வரேன். வி-2 இன்ஜின் படத்தைப் பார்த்திருக்கீங்களா? லண்டன் சயின்ஸ் மியூசியம், மியூனிக் டாய்ச்சஸ் மியூசியம் மாதிரி இடங்கள்ல ராக்கெட்டையே நிறுத்தி வச்சிருக்காங்க. இன்ஜினோட தலைப்பக்கத்தைப் பார்த்தீங்கன்னா கொஞ்சம் அசிங்கமா இருக்கும். வழவழன்னு ஒரு மூடிக்குப் பதிலா, தலைகீழாக் கவுத்த குவளை மாதிரி பதினெட்டு மேடு. வெளி வட்டத்துல 12, உள் வட்டத்துல 6. ஒவ்வொரு குவளைக்கும் தனித்தனியா ஒரு ஆக்சிஜன் குழாய், பின்னிப் பிணைஞ்சு ஓடும்.

ஏன் பதினெட்டு? எரிபொருளையும் ஆக்சிஜனையும் பொடித்தூறலாத் தெளிச்சுக் கலக்கற பாகத்துக்கு இன்ஜெக்டர்னு பேர். 1.5 டன் இன்ஜினுக்கு ஒரு நல்ல இன்ஜெக்டர் தீல் கிட்ட இருந்துச்சு. அதுல மூணைச் சேர்த்து ஒரே எரியறையில வச்சுப் பார்த்தார், 4.5 டன் வந்துச்சு, ஒழுங்கா எரிஞ்சுது. அப்ப 25 டன்னுக்கு? பதினெட்டு ஒன்றரை இருபத்தேழு. முடிஞ்சுது சோலி.

சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓடற ஒரு ஃபங்ஷனைப் பதினெட்டு தடவை காப்பி-பேஸ்ட் பண்ணிட்டு, "இப்போதைக்கு ஓடட்டும், அப்புறம் அழகாக்கிக்கலாம்"னு கமென்ட் போடற அதே கதை. இது தற்காலிக ஏற்பாடுன்னு தீலுக்கும் நல்லாத் தெரியும். அவர் குழு ஆசைப்பட்டது வேற. மொத்தத் தலைக்கும் ஒரே தட்டையான இன்ஜெக்டர் தட்டு, அதுல நூத்துக்கணக்குல ஓட்டை. செய்யறது சுலபம், குழாய்க் காடு கிடையாது. ஆனா அப்படிச் செஞ்சப்ப எரிதல் நிலையா இல்ல, அதிர ஆரம்பிச்சுது. அதைச் சரி பண்ண நேரம் வேணும். அந்த நேரம்தான் கிடைக்கல. பதினெட்டு குவளையோடயே உற்பத்திக்குப் போயிடுச்சு. 'டெம்பரரி ஃபிக்ஸ்' ஆயிரக்கணக்குல தயாராச்சு.

அந்தத் தட்டு இன்ஜெக்டரைப் பின்னாடி அமெரிக்காவுல சாதிச்சாங்க. பிடிபட்ட வி-2 இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுப் பார்த்து, ஜெர்மன்காரங்க சிலரையும் கூட வச்சுக்கிட்டு, நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனம் வளர்த்த இன்ஜின்தான் 1953ல ரெட்ஸ்டோன் ஏவுகணையில பறந்துச்சு. அதே ஆல்கஹால், அதே திரவ ஆக்சிஜன், அதே பெராக்சைடு டர்பைன். குவளைகள் மட்டும் காணாமப் போயிருந்துச்சு. அதே வழியில வந்த ராக்கெட்தான் 1961 மே 5ல ஆலன் ஷெப்பர்டைத் தூக்கிட்டுப் போனது.

ஆக, அந்தப் பதினெட்டு குவளையும் இன்ஜினுக்கு மேல பொறிச்ச அவசரத்தோட கையெழுத்து. இன்ஜினை மட்டும் தனியாப் பார்க்கச் சொன்னாரே அண்ணன், பார்த்தா முதல்ல கண்ணுல படறதே இதுதான். அப்ப அடுத்த கேள்வி தானா வருது. யாருக்கு அவசரம்? எதுக்கு?

டெட்லைனுக்குப் பின்னாடி

1943 ஜூலை 7. வான் பிரவுனும் ராணுவத் தரப்புத் தலைவர் டோர்ன்பெர்கரும் ஹிட்லருக்கு ஏ-4 கிளம்பற படத்தைப் போட்டுக் காட்டுறாங்க. ஆள் மயங்கிட்டான். முதல் முன்னுரிமை. ஆயிரக்கணக்குல வேணும். பின்னாடி அக்டோபர்ல போட்ட ஆர்டர் 12,000 ராக்கெட். இன்னும் சோதனையில பாதி வெடிச்சுக்கிட்டு இருக்கற ஒரு பொருளுக்கு 12,000!

ஆள் எங்க? உள்ளூர் ஆளெல்லாம் போர்முனையில. அப்பதான் ஆர்தர் ருடால்ஃப் வரார். பீனமுண்டேயில உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கிட்டவர், இன்ஜினியர். 1943 ஏப்ரல்ல, ஹிட்லர் படம் பார்க்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே, ஒரு விமானத் தொழிற்சாலையில வதைமுகாம் கைதிகளை வச்சு வேலை வாங்கறதைப் போய்ப் பார்த்துட்டு வந்து, நமக்கும் இது ஒத்து வரும்னு எழுதிக் கொடுத்தார். ஜூன்ல கைதிகள் பீனமுண்டேக்கு வந்துட்டாங்க.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனிங்க. "எஸ்.எஸ். படை எங்க தலையில கட்டினது, நாங்க என்ன பண்றது?"ன்னு பின்னாடி சொல்லப்பட்ட கதைக்கு இந்தத் தேதிகள் ஒத்து வராது. கைதிகளைக் கேட்டு வாங்கினது இன்ஜினியர்கள். டெட்லைனுக்கு ஆள் வேணும்னு ரிசோர்ஸ் ரிக்வெஸ்ட் போடற மாதிரி.

1943 ஆகஸ்ட் 17 ராத்திரி பிரிட்டிஷ் விமானப்படை, ஏறத்தாழ 600 குண்டுவீச்சு விமானங்களோட பீனமுண்டேயை அடிச்சுது. தீல் தன் மனைவி குழந்தைகளோட அந்த ராத்திரியில செத்துப் போனார். அவரை ஒரு இழப்புன்னு எல்லாப் புத்தகமும் எழுதும். அதே ராத்திரி குண்டு தப்பி விழுந்து, பக்கத்து முகாம்ல அடைச்சு வச்சிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நூத்துக்கணக்குல செத்தாங்க. அன்னிக்குச் செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க அவங்கதான். அவங்களை அந்த அளவுக்கு யாரும் எழுதறதில்லை.

குண்டு விழுந்ததும் உற்பத்தியைப் பூமிக்கு அடியில கொண்டு போனாங்க. ஜெர்மனியோட நடுவுல ஹார்ட்ஸ் மலைப் பக்கம், நார்ட்ஹவுசன் ஊருக்கு வெளியே கோன்ஸ்டைன்னு ஒரு குன்று. உள்ள சுரங்கம். மிட்டல்வெர்க்னு தொழிற்சாலைக்குப் பேர், டோரான்னு முகாமுக்குப் பேர். ஆகஸ்ட் 28, அதாவது பதினோராவது நாளே, புக்கன்வால்ட் முகாம்ல இருந்து முதல் தொகுதிக் கைதிகள் வந்து இறங்கிட்டாங்க. ரஷ்யர்கள், போலந்துக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, இன்னும் பலர்.

முதல் சில மாசம் அவங்களுக்குத் தங்க இடமே கட்டல. சுரங்கத்துக்குள்ளேயே வேலை, சுரங்கத்துக்குள்ளேயே தூக்கம், நாலடுக்குப் பலகைப் படுக்கையில. பக்கத்துலயே பாறைக்கு வெடி வைப்பாங்க. புகை, தூசி, ஈரம். பீப்பாயை ரெண்டா வெட்டினது கக்கூஸ். குளிக்கத் தண்ணி கிடையாது. வாரக்கணக்குல சூரியனையே பார்க்காம இருந்தவங்க உண்டு. 1944 மார்ச்சுக்குள்ள ஏறத்தாழ 3,000 பேர் செத்தாச்சு. நடக்க முடியாதவங்க இன்னொரு 3,000 பேரை வேற முகாம்களுக்கு அனுப்பினாங்க, குணமாக்க இல்ல.

மொத்தமா 60,000 பேர் அந்த முகாம்கள் வழியாப் போனாங்க. ஏறத்தாழ 20,000 பேர் திரும்பல. எல்லாரும் இந்த ராக்கெட் வேலையில சாகல, அங்க வேற ஆயுதமும் செஞ்சாங்க, வேற சுரங்கமும் வெட்டினாங்க. ஆனா அதையெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் ஒரு கணக்கு மிஞ்சுது. வி-2 விழுந்து லண்டன்லயும் ஆன்ட்வெர்ப்லயும் மற்ற இடங்கள்லயும் செத்தவங்களைவிட, வி-2வைச் செய்யும்போது செத்தவங்க அதிகம்னு வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. லண்டன் பக்கம் செத்தவங்க 2,700 பேருக்கு மேல. ஆன்ட்வெர்ப்ல 1944 டிசம்பர் 16 அன்னிக்கு ரெக்ஸ் சினிமா தியேட்டர் மேல ஒரே ஒரு ராக்கெட் விழுந்து 567 பேர். இதையெல்லாம் கூட்டியும் அந்தக் குன்றுக்குள்ள இருந்த கணக்கு பெருசு.

கடைசி மாசங்கள்ல நாசவேலை பண்ணாங்கன்னு சந்தேகப்பட்டவங்களை, ராக்கெட்டைத் தூக்கற கிரேன்லயே வரிசையாத் தூக்குல போட்டாங்க. மற்ற கைதிகள் அதைக் கடந்து வேலைக்குப் போகணும். இன்ஜினை மட்டும் தனியாப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நான் கேட்க நினைச்சது இதுதான்: அந்தக் கிரேன் இன்ஜினோட பாகமா, இல்லையா?

"அவங்களுக்கு வேற வழி என்ன இருந்துச்சு?"

இது நியாயமான கேள்வி. சர்வாதிகாரி நாட்டுல எதிர்த்துப் பேசினா உயிர் போயிடும். வான் பிரவுனையே 1944 மார்ச்சுல கெஸ்டபோ பிடிச்சு உள்ள வச்சுது. ஏ.சி. ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு "நானா இருந்தா எதிர்த்திருப்பேன்"னு நான் சொன்னா அது பச்சைப் பொய். அதனால எதிர்க்கலையேன்னு நான் யாரையும் கேட்கல.

ஆனா எதிர்க்காம இருக்கறது வேற, முன்வந்து செய்யறது வேற. ருடால்ஃபை யாரும் அந்தத் தொழிற்சாலையைப் போய்ப் பார்த்துட்டு வந்து சிபாரிசு எழுதச் சொல்லி நெத்தியில துப்பாக்கி வைக்கல. வான் பிரவுன் 1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட கடிதத்துல, தான் புக்கன்வால்ட் முகாமுக்கே போய்த் தொழில் தெரிஞ்ச கைதிகளைத் தேடினதா எழுதியிருக்கார். மிட்டல்வெர்க் சுரங்கத்துக்குப் பல தடவை போயிருக்கார். தெரியாதுன்னு சொல்ல இடமே இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு? போர் முடிஞ்சுது. வான் பிரவுனும் ருடால்ஃபும் அமெரிக்காவுக்குப் போனாங்க. ருடால்ஃப் சாட்டர்ன்-5 ராக்கெட்டோட திட்ட மேலாளர் ஆனார். மனுஷனை நிலாவுக்கு அனுப்பின அதே சாட்டர்ன்-5. பதக்கம் எல்லாம் வாங்கினார். டோராவுல இருந்து உயிரோட வந்த ஜீன் மிஷெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் தன் அனுபவத்தைப் புத்தகமா எழுதினார். அதை எலி ரோசன்பாம்னு ஒரு அமெரிக்கச் சட்ட மாணவர் படிச்சார். அவர் பின்னாடி நாஜிக் குற்றங்களை விசாரிக்கற அரசுப் பிரிவுல வேலைக்குச் சேர்ந்து ருடால்ஃப் கோப்பைத் தோண்ட ஆரம்பிச்சார். 1984ல ருடால்ஃப் விசாரணையைத் தவிர்க்கறதுக்காக அமெரிக்கக் குடியுரிமையை விட்டுட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். 1996ல அங்கயே இறந்தார், எந்தக் கோர்ட்டுலயும் நிக்காம.

ஒரு புத்தகம் அவ்வளவு தூரம் ஒருத்தரைத் துரத்த முடிஞ்சிருக்கு. எழுதறவங்களுக்கு இது கொஞ்சம் தெம்பு கொடுக்கற விஷயம்.

நமக்கும் இதுக்கும் என்ன?

அண்ணன் சொன்னதுல ஒண்ணு முழுக்க உண்மை. இந்த இன்ஜினோட வாரிசுகள் இல்லாத இடம் ரொம்பக் குறைவு. போர் முடிஞ்சதும் ஆளுக்கொரு பங்கு. அமெரிக்காவுக்கு ரெட்ஸ்டோன். ரஷ்யாவுல குளுஷ்கோ அதை அப்படியே பிரதி எடுத்து ஆர்டி-100னு செஞ்சு 1948ல பறக்க விட்டார். இன்னிக்கும் சோயுஸ் ராக்கெட்டோட டர்பைன் ஹைட்ரஜன் பெராக்சைடுலதான் சுத்துது. பிரான்சுக்குப் போன பீனமுண்டே ஆட்கள்ல ஒருத்தர் ஹைன்ஸ் பிரிங்கர். அவர் வெர்னான் ஊர்ல வளர்த்த வழியில வந்தது வைக்கிங் இன்ஜின்.

வைக்கிங்னதும் காது நிமிருதா? 1974ல பிரான்சோட ஒப்பந்தம் போட்டு, நம்பி நாராயணன் குழு வெர்னான்ல போய் உட்கார்ந்து கத்துக்கிட்டு வந்தது அந்த இன்ஜினைத்தான். அதுதான் நம்ம விகாஸ். நம்ம திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில சோதிக்கறாங்களே, அதே விகாஸ். பி.எஸ்.எல்.வி.யோட ரெண்டாம் கட்டத்துல ஒண்ணு. 2023ல சந்திரயான்-3ஐத் தூக்கின ராக்கெட்ல ரெண்டு.

விகாஸ் வி-2வோட காப்பி இல்லை. எரிபொருள் வேற, அமைப்பு வேற. நம்ம ஆட்கள் ராப்பகலா உழைச்சு வளர்த்தது, அதுல எனக்கு இருக்கற பெருமையை யாரும் குறைக்க முடியாது. நான் சொல்றது பரம்பரை பத்தி. தாத்தா சொத்துல பங்கு வாங்கறோம்னா, அந்தச் சொத்து எப்படி வந்துச்சுங்கற கதையும் சேர்ந்துதான் வரும். சொத்தை வேண்டாம்னு தூக்கிப் போட வேண்டியதில்லை. கதை தெரியாத மாதிரி நடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விண்வெளியில இருந்து பூமியை எடுத்த முதல் புகைப்படம் எதுல எடுத்தாங்க தெரியுமா? 1946 அக்டோபர் 24, அமெரிக்காவோட வொயிட் சாண்ட்ஸ் பாலைவனம், 105 கிலோமீட்டர் உயரம், வி-2 ராக்கெட். கறுப்பு வெள்ளையில, பூமியோட வளைவு லேசாத் தெரியும். பார்த்தா உடம்பு சிலிர்க்கும். அங்க விட்ட வி-2 எல்லாமே மிட்டல்வெர்க் சுரங்கத்துல இருந்து அள்ளிட்டு வந்த பாகங்கள்ல பூட்டினது. சூரியனையே பார்க்க விடாம அடைச்சு வச்சவங்க கையால செஞ்ச பொருள்தான் பூமியோட அந்த முதல் படத்தை எடுத்துக் கொடுத்துச்சு. அந்தப் படத்துக்குக் கீழ இந்த ஒரு வரியையும் போட்டா படத்தோட அழகு குறையுமா? எனக்கென்னவோ குறையும்னு தோணலை. பாரம் கூடும். கூடட்டுமே.

1992ல ஜெர்மனியில, அந்த அக்டோபர் 3 ஏவுதலோட 50வது வருஷத்தை 'விண்வெளிப் பயணத்தோட பிறந்த நாள்'னு கொண்டாட ஏற்பாடு பண்ணாங்க. எதிர்ப்பு கிளம்பி, விழாவை ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு. எனக்கு அந்த எதிர்ப்பு நியாயமாப் படுது. அந்த நாளை மறக்கணும்னு நான் சொல்லலை. அதைப் 'பிறந்த நாள்'னு மட்டும் சொன்னா, பாதி உண்மையைச் சொன்ன மாதிரி ஆயிடும்.

என் குவளை

கடைசியா ஒண்ணு. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு மாட்யூல் எழுதினேன். போன்ல பேசி வேலை பார்க்கறவங்க சீட்டை விட்டு எழுந்தா, எத்தனை நிமிஷத்துல திரும்பி வராங்கன்னு கணக்கு வைக்கிற மாட்யூல். பாத்ரூம் போனா எட்டு நிமிஷம், தாண்டினா சம்பளத்துல கை. அந்த எட்டு நிமிஷ எல்லையை நான் முடிவு பண்ணலை. ஆனா அந்தக் கணக்கு ஒரு விநாடி கூடப் பிசகாம ஓடற மாதிரி எழுதினது நான்தான். ரிலீஸ் அன்னிக்குக் கேக் வெட்டினோம். நான் யாரையும் எதுவும் கேட்கலை. 'என் மாட்யூல், என் டெட்லைன்'னு இருந்துட்டேன்.

இதையும் டோராவையும் ஒப்பிடறேன்னு யாரும் கிளம்ப வேண்டாம். ஒப்பிடறதே பாவம். ஆனா "இன்ஜினை மட்டும் பாரு"ங்கற வாக்கியம் எனக்கு ஏன் அவ்வளவு பழகின மாதிரி இருந்துச்சுன்னு அன்னிக்கு ராத்திரிதான் புரிஞ்சுது. அதை நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால என் கட்சி இதுதான். அந்த இன்ஜினைப் பத்திப் பேசும்போது 25 டன்னையும் 20,000 பேரையும் ஒரே மூச்சுல சொல்லணும். ஒண்ணை அறிவியல் புத்தகத்துலயும் இன்னொண்ணை வரலாற்றுப் புத்தகத்துலயும் பிரிச்சு வச்சா, ரெண்டும் பொய்யாயிடும். தீல் பெரிய இன்ஜினியர்தான். அந்த ஆல்கஹால் படலத்தை நினைச்சா எனக்கு இன்னமும் பிரமிப்புதான். அந்தப் பிரமிப்பும் சுரங்கமும் ஒரே மனசுல இருக்கறது கஷ்டமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

நாளைக்கு டீ நேரத்துல அண்ணன்கிட்ட இதைச் சொல்லப் போறேன். அப்ரைசல் ரேட்டிங் குறைஞ்சா எல்லாரும் பின்னூட்டத்துல வந்து ஆறுதல் சொல்லுங்க :-)

டிஸ்கி: உங்க வேலையில இந்த மாதிரி எட்டு நிமிஷக் கணக்கு ஏதாவது எழுதியிருக்கீங்களா? கேட்டீங்களா, கேட்காம விட்டீங்களா? அனானியா வந்து சொன்னாலும் சரிதான்.